தவமணி அக்காவின் கறிவேப்பிலை மரம்

ரண்டர்ஸ் என்ற இந்தக் குளிர்நாட்டு ஊரில், எங்கள் வரிசை வீடுகளில் தவமணி அக்காவைத் தெரியாத தமிழர் இல்லை. பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை, ஞாயிறு ஜெபசபை, மிச்ச நேரமெல்லாம் செடி. நான் அடுத்த வீட்டுக்காரி. உள்ளதை ஒளிக்காமல் சொல்கிறேன். அக்கா தங்கமான மனுசி. ஆனால் புருசனுக்கு முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

மே மாதம் அக்காவின் செடிச் சாடிகள் முற்றத்துக்கு வந்துவிடும். மல்லிகை, தேசி எலுமிச்சை, மிளகாய், எல்லாவற்றுக்கும் மேலாக ஆள் உயரத்துக்கு வளர்ந்த கறிவேப்பிலை மரம். செப்டெம்பர் முடியும்போது இலைக்கு அடியில் பூச்சி பார்த்து, சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, ஒவ்வொன்றாக மகளின் பழைய அறைக்குள் கொண்டுபோவார். அந்த வீட்டில் தெற்குப் பார்த்த யன்னல் அங்கே மட்டும்தான். ஒரு வருடம் முன்னறையில் வைத்துப் பார்த்தார். வெளிச்சம் காணாமல் மரம் மொட்டையாகிவிட்டது.

இந்த வருடம் அந்த அறையில் மகளே இருந்தாள். தபிதா கைக்குழந்தையோடு விபோர்க்கிலிருந்து வந்து சேர்ந்தது ஓகஸ்டில். மருமகன் ஜெனோஷன் கை நீட்டுகிறவன். அவள் கழுத்து கன்றியிருந்ததை நானே என் கண்ணால் பார்த்தேன். சபையில் கேட்டவர்களுக்கு அக்கா சொன்னதோ வேறு. "மருமகனுக்குக் கோர்ஸ் ஒண்டு. முடிய வந்து கூட்டிக்கொண்டு போவார்." கேட்கக் கேட்க எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அக்காவின் புருசன் செல்வரட்ணம் அண்ணை சபைக் கமிட்டியில் பெரிய ஆள். மகளிடம் 'போ' என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் பாவமல்லவா! சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, "உன்ர செடியள் எப்ப உள்ளுக்கு வாறது?" என்று மட்டும் கேட்பார். மகளின் காதில் விழத்தான் கேட்பார்.

"இன்னும் குளிர் வரேல்லையப்பா," என்பார் அக்கா.

ஒக்டோபர் பாதி போய், சனமெல்லாம் தடித்த கோட்டோடு திரியும்போதும் அக்கா அதையே சொன்னார். இரவில் போய்ப் பழைய படுக்கை விரிப்பால் மரத்தைப் போர்த்துவிடுவார். மகளையும் போகச் சொல்ல மனமில்லை, மரத்தையும் சாகவிட மனமில்லை. அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை, இரவுக்கு உறைபனி வரும் என்று வானிலையில் சொன்னார்கள். அக்கா வேலைக்குப் போயிருந்தார். தபிதா பிள்ளையை ஊசி போடக் கொண்டுபோயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது அறை நிறையச் சாடிகள். கட்டில் சுவரோடு தள்ளப்பட்டிருந்தது. பிள்ளையின் தொட்டில் நடையில் கிடந்தது. யன்னலடியில் கறிவேப்பிலை மரம்.

தகப்பன் சொல்லாமல் சொன்னது தபிதாவுக்கு விளங்கிவிட்டது. ஜெனோஷனுக்குப் போன் அடித்து, வந்து ஏற்றிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டாள்.

"துஷாரா, ஓடி வா," என்று அக்கா என்னைக் கூப்பிட்டார். போனால், தபிதா பிள்ளையின் உடுப்புகளைப் பைக்குள் அடைத்துக்கொண்டிருக்கிறாள். அக்கா வேலையால் வந்த கோட்டோடு வாசலில் நிற்கிறார்.

"என்ன அண்ணை இது?" என்று கேட்டேன்.

"அவவின்ர செடி செத்துப்போகுமெண்டு எடுத்து வைச்சனான். நான் ஒருத்தரையும் போகச் சொல்லேல்லை."

"என்ர செடியைச் சாட்டாதேங்கோ," என்றார் அக்கா. அந்தக் குரலை நான் முன்பு கேட்டதே இல்லை. "துஷாரா, அந்தப் பக்கம் பிடி."

இரண்டு பேருமாக மரத்தின் சாடியை இழுத்தோம். நடை முழுக்க மண் கொட்டியது. கதவு நிலையில் பட்டுக் கொப்புகள் முறிந்து, வீடெல்லாம் கறிவேப்பிலை மணத்தது. மரத்தையும் மற்றச் சாடிகளையும் முற்றத்தில் கொண்டுபோய் விட்டபோது எனக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, என்ர வீட்டிலை எண்டாலும் வைப்பம்," என்றேன்.

"வேண்டாம். இது உயிரோட நிண்டால் நாளைக்கும் இதைச் சாட்டித்தான் அவளைக் கலைப்பார். கிடக்கட்டும்."

அண்ணை பின்னால் வந்தார். "உனக்கென்ன விசரோ? எத்தினை வருசம் வளர்த்த மரம்!"

"மரம் செத்தால் வேறை வாங்கலாம். இவளை எங்கையப்பா வாங்கிறது?"

அண்ணை அயல்வீட்டு யன்னல்களைப் பார்த்தார். "சனம் என்ன கதைக்கும்?" என்றார், குரல் இறங்கி.

"கதைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சபையிலை நானே சொல்லுறன், அவன் அடிக்கிறவன் எண்டு."

அக்கா உள்ளே போய் மகளின் கையிலிருந்த போனை வாங்கி அவரே அடித்தார். "தம்பி, இஞ்சை வரவேண்டாம். வந்தால் நான் பொலிசைக் கூப்பிடுவன்." அவன் வரவில்லை.

தபிதா அன்றைக்குப் பையை அவிழ்க்கவில்லை. தகப்பன் வீட்டில் இனி எந்த முகத்தோடு இருப்பது என்று அழுதாள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். முற்றத்தில் மரத்தின் இலையெல்லாம் கறுத்துத் தொங்கின. உள்ளே அக்கா யன்னலடியில் நின்று, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். அண்ணை தேத்தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார், அக்கா வாங்கவில்லை. நானும் தேற்றப் போகவில்லை. வளர்த்தவள் அழத்தானே செய்வாள்.

தபிதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து தாயோடு ஒட்டி நின்றாள்.

"அம்மா, நான் போகேல்லை," என்றாள்.