குங்கிலியம் ஊற்றிய பின்பலகை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். அப்பா பெருவிரல் அடையாளம் வைப்பவர். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். நான் உயர்தரப் பரீட்சை சித்தியடைந்து, மட்டக்களப்பில் ஆறு மாதம் பைபர் வள்ளங்களைப் பரிசோதிக்கவும் பழுதுபார்க்கவும் படித்து, பெரியகல்லாற்று வாவிக் கரையில் இருந்த தகரக் கொட்டிலுக்கு வேலைக்கு வந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சட்டைப் பையில் இரண்டு பேனை குத்திக்கொண்டுதான் வீட்டை விட்டு இறங்குவேன்.

சுனாமிக்குப் பிறகு கரைக்கு நிறைய பைபர் வள்ளங்கள் வந்திருந்தன. அவசரத்தில் செய்து கொடுக்கப்பட்டவை. இயந்திரத்தை மாட்டுகிற பின்பலகைதான் அவற்றின் பலவீனம். நடுவில் மரப்பலகை, அதன் இரு பக்கமும் பசையில் நனைத்து ஒட்டிய கண்ணாடி நார்த் தோல். ஆணித் துளைகளால் தண்ணீர் இறங்கி மரம் ஊறினால் தோல் விட்டுவிடும். வெளியே வர்ணம் பளபளவென்று இருக்கும், உள்ளே ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. கடலில் இயந்திரம் இழுக்கும்போது பலகை பிய்ந்து போகும்.

வெட்டிப் பார்த்தால் தெரியும். ஆனால் வெட்டினால் வள்ளம் கெட்டுவிடும். அதனால் தட்டிப் பார்ப்போம். ஐந்து ரூபாய் நாணயக் குற்றியை விரல் நுனியில் பிடித்து, ஓர் அங்குலத்துக்கு ஒரு தட்டு. ஒட்டியிருக்கிற இடம் கணீரென்று சொல்லும். விட்டுப்போன இடத்தில் ஓசை செத்திருக்கும்.

"என்ன புள்ள, டொக்டர் மாதிரித் தட்டுறாய். மருந்தும் எழுதித் தருவியோ?" என்று கரையில் நின்றவர்கள் கேட்பார்கள்.

"உங்களுக்கு ஊசிதான்," என்பேன்.

கொட்டிலில் என்னோடு வேலை செய்தவர் காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு முஸ்லிம் அண்ணன்; நானா என்றுதான் கூப்பிடுவேன். தோலை அராவிக் கழிப்பது, நாரை அடுக்குவது, பசையைக் கலப்பது எல்லாம் அவர் கை. ஆனால் அந்த மாதங்களில் அவருக்கு வேலை இருக்கவில்லை. சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. பசைத் தகரம் ஒன்று சோதனைச் சாவடியைத் தாண்ட இராணுவ முகாமின் அனுமதி வேண்டும். அது வரவில்லை. என் வேலை மட்டும் நடந்தது. கடலுக்குப் போகக்கூடிய வள்ளங்களின் பட்டியலில் நான் கையெழுத்திட்டால்தான் முகாமில் பாஸ் கொடுப்பார்கள். பட்டியலில் இல்லாதவர் வாவிக்குள் வலை வீசிக்கொள்ளலாம். அடுத்த பட்டியல் எப்போது என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

அப்பாவின் வள்ளத்தை முதல் தடவை தட்டியபோது, பின்பலகையின் இடப் பக்கத்தில் ஒரு சுளகு அகலத்துக்கு ஓசை செத்துக் கிடந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கவே சொன்னேன்.

"இது சரிவராது அப்பா. பசை வந்தாத்தான் ஒட்டலாம்."

அப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், "மகள் வாத்திச்சி, தகப்பன் பெயில்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

பட்டியல் கொடுக்க வேண்டிய நாள் காலை, ஏழு மணிக்கு முன்பே அப்பா வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். பின்பலகையில் புது வர்ணம்.

"ஒட்டியாச்சு. இப்ப தட்டிப் பார்."

"ஆரு ஒட்டின?" என்று நானா கேட்டார்.

"அங்கால ஒரு ஆள். பசை கொஞ்சம் வெச்சிருந்தவன்."

நான் தட்டினேன். போன கிழமை செத்திருந்த இடம் முழுக்க, ஒரு விரற்கடை மிச்சமில்லாமல், கணீரென்றது. எனக்குப் பெரிய ஆறுதல். நானா மட்டும் வர்ணத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, தோல வெட்டி ஒட்டின அடையாளம் ஒண்டும் காணல்லயே."

"நானா, என்ர காதுல கேட்டது உங்களுக்கும் கேட்டதுதானே," என்று சொல்லிவிட்டுப் பட்டியலில் அப்பாவின் வள்ளத்தை எழுதிக் கையெழுத்திட்டேன்.

பிற்பகல் இரண்டு மணிவாக்கில், தேறிய வள்ளங்களின் பின்பலகையில் இலக்கம் எழுதப் போனேன். வெயில் மேற்கே சாய்ந்து பலகைகளில் நேராக அடித்தது. அப்பாவின் வள்ளத்தைத் துடைத்த துணி ஓரிடத்தில் ஒட்டியது. புது வர்ணத்தில் ஒரு சிறு துளை திறந்து, அதிலிருந்து தேன்போல ஒன்று கசிந்து இறங்கியது. மூக்கருகே கொண்டுபோனேன். கோயில் வாசம். குங்கிலியம்.

குற்றியை எடுத்துத் தட்டினேன். காலையில் கணீரென்ற இடம் முழுவதும் மறுபடி ஓசை செத்துக் கிடந்தது.

மரத் தோணியின் பொருத்துகளில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றுவது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரிந்த வேலை. அப்பா தோலில் சின்னச் சின்னத் துளை போட்டு, அதையே உள்ளே ஊற்றி, துளைகளை அடைத்து வர்ணம் பூசியிருக்கிறார். காலைக் குளிரில் அது கல்லாக இறுகி இடைவெளியை நிரப்பி நின்றது. என் காதுக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் அது எதையும் பிடித்திருக்கவில்லை. இடைவெளி இருக்கிறதா என்றுதான் தட்டு சொல்லும். நிரப்பியது ஒட்டியிருக்கிறதா என்று சொல்லாது. இதை எனக்குப் படிப்பித்திருந்தார்கள். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தேன்.

அப்பா கரையில் வலை வைக்கும் வாடியில் வலையை ஏற்றுவதற்கு அடுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் விடியக் கடலுக்கு.

"உள்ளுக்கு என்னப்பா ஊத்தின?"

அவர் நிமிரவில்லை. "தோணிக்கு ஊத்துறததான் ஊத்தின. நான் ஊத்தின தோணி எதும் தண்ணிக்குள்ள தாண்டு போச்சா?"

"இது மரம் இல்லப்பா. வெயிலுக்கு உருகுது. இஞ்சின் இழுத்தாப் பிஞ்சி போகும்."

"காலையில தட்டி நல்லமெண்டுதானே சொன்னாய்?"

"பிழையாச் சொல்லிப்போட்டன்."

"அப்ப பிழையாவே கிடக்கட்டும்." வலையைக் கீழே போட்டார். "ரெண்டு வருஷம் புள்ள. ரெண்டு வருஷமா வாவிக்குள்ள நண்டு பொறுக்கிறன். தம்பிமார் ரெண்டு பேரையும் ஆரு படிப்பிக்கிற? உன்னப் படிப்பிச்சது என்னையே வெட்டுறதுக்கோ?"

திரும்பி நடந்தேன்.

கொட்டிலில் நானாவிடம் சொன்னேன். "பேர வெட்டச் சொல்லவும் மாட்டன், விடச் சொல்லவும் மாட்டன். கையெழுத்து உன்ர," என்றார். பிறகு, "மத்த வள்ளங்களையும் இந்த வெயிலோட ஒருக்காத் தட்டிப் பாத்திரு," என்று மெல்லச் சொன்னார்.

தட்டினேன். எல்லாம் கணீரென்றன. ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்திருக்கவில்லை. அவர்களுக்கு அந்தத் தேவை இருக்கவில்லை. அவர்களுடைய மகள் யாரும் நாலு பேருக்கு முன்னால் அவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கவில்லை.

நாலு மணிக்குச் சற்று முன்பு பட்டியலில் அப்பாவின் வள்ளத்தை எழுதிய வரியின் மேல் கோடு கீறி, பக்கத்தில் மறுபடியும் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். முகாம் வாசலில் நின்ற சிப்பாய் கோட்டைக் காட்டி என்னவோ சிங்களத்தில் கேட்டான். "என்னுடைய பிழை," என்று தமிழில் சொன்னேன். அவனுக்கு விளங்கியதோ தெரியாது, வாங்கிக்கொண்டான்.

அந்தப் பருவம் முழுவதும் அப்பா அடுத்தவருடைய வள்ளத்தில் கூலிக்குப் போனார். என்னோடு கதைக்கவில்லை. சோறு வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வார். அம்மா எனக்குச் சொல்வாள். மூவரும் ஒரே குசினியில்தான் இருப்போம்.

மாரி தொடங்குவதற்கு முன்பு பசை வந்தது. இரண்டே தகரம். நானா முதலில் அப்பாவின் வள்ளத்தைத்தான் இழுத்துப் போட்டார். நான் தட்டித் தட்டி, வெட்ட வேண்டிய எல்லையைப் பென்சிலால் கீறிக் கொடுத்தேன். அப்பா தூரத்தில் கைகட்டி நின்றார்.

தோலை அரிந்து தூக்கியதும் குங்கிலியம் முழுத் தகடாகக் கழன்று நானாவின் கையோடு வந்தது. மரத்தின் வரிகள் அதில் அச்சாகப் பதிந்திருந்தன. மரத்தில் ஒரு பொட்டும் ஒட்டியிருக்கவில்லை. உள்ளே பலகை கறுத்து, ஈரப் பஞ்சுபோல இருந்தது. நானா இரண்டு விரலால் கிள்ளி எடுத்துக் காட்டினார்.

அப்பா கிட்ட வந்தார். தகட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எங்க வெச்சுப் பலகை பிஞ்சிருக்கும்?" என்று நானாவைக் கேட்டார்.

"முகத்துவாரத்துல. அலை தாண்டக்குள்ள."

அப்பா தகட்டை மணலில் வைத்தார். குந்தியிருந்து, வெட்டிய இடத்தின் விளிம்பைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே போனார். என் பென்சில் கோட்டில் விரல் நின்றது. அதைத் தாண்டி, இன்னும் தோல் மூடியிருந்த பக்கத்துக்குள் விரலை நுழைத்து அழுத்தினார். தண்ணீர் கசிந்தது.

"புள்ள," என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. "இந்தக் கோடு போதாது. இஞ்சாலையும் ஊறிக் கிடக்கு."

நான் பென்சிலை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் குந்தினேன். அவர் விரல் காட்டிய இடம் வரைக்கும் கோட்டை நகர்த்திக் கீறினேன்.