தெளிந்த பாட்டில்

ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் பாட்டில் அக்கா. இருபத்தாறு வருஷம் பாட்டில் கழுவியவளுக்கு வேறென்ன பட்டம் கொடுப்பார்கள்? அவளுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று: கலங்கிய பாட்டிலில் உயிர் இருக்கிறது, தொடாதே, தெளிந்தது காலி, கழுவு.

கொதிக்கும் ஊற்றிலிருந்து எடுத்து வந்த பாக்டீரியாக்களை எழுபது டிகிரி சூட்டுப்பெட்டியில் வளர்த்தார்கள். நாம் வெந்துபோகும் சூட்டில் அவை பிள்ளைகுட்டியோடு குடித்தனம் நடத்தின. அன்று காலை அங்கே ஒரு பாட்டில் பளிச்சென்று தெளிந்திருந்தது. அதில் ஒட்டிய பெயர்ச்சீட்டு பின்பக்கம் திரும்பியிருந்தது. எடுத்துக் கொட்டிக் கழுவினாள். ஈரச் சீட்டு கையோடு வந்தபோதுதான் படித்தாள்: வைரஸ். பாக்டீரியாக்களை வெடிக்கவைத்துக் கலங்கலைத் தெளியவைத்ததே அதுதான். அந்த வைரஸுக்கு வேறு பாட்டில் இல்லை. ஊற்றும் போன வருஷமே வற்றிவிட்டது.

பாக்டீரியா வளர்க்கும் புது ஊட்டநீரை அதே அளவுக்கு ஊற்றி, சீட்டை ஒட்டி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

நாலு நாள் கழித்து ஆராய்ச்சிக்காரப் பெண் அதைச் சோதித்தாள். வைரஸ் ஒன்றுகூட இல்லை. அந்த ஆய்வகத்தில் எது கெட்டாலும் பழி மின்வெட்டின் மேல்தான். பாவம், அதற்குத் திருப்பிப் பேச வாயில்லை.

"செவ்வாக்கிழமை கரண்ட் போச்சுல்ல, சூடு குறைஞ்சு செத்திருக்கும்," என்றார் ஆய்வகத் தலைவர். "குளிர் தாங்காத வைரஸ்னு எழுதிடு. அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான்."

அக்காவுக்கு இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு. வாயை மூடிக்கொண்டால் போதும், விஞ்ஞானமே அவளுக்காகப் பொய்ச்சாட்சி சொல்லிவிடும். அந்தப் பெண் எழுதத் தொடங்கினாள்.

"எழுதாதம்மா. அது குளிருல சாகல. நான்தான் கழுவிட்டேன்."

பேனா நின்றது. "இதை ஏங்க்கா இப்ப சொல்றீங்க?"

"என் தப்பை அது தலையில எழுதுறியே. செத்ததுமில்லாம கெட்ட பேரு வேறயா அதுக்கு?"

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள். பிறகு, "சில வைரஸ் உடனே கொல்லாதுக்கா. தன் மரபணுவை பாக்டீரியாவோட மரபணுவுக்குள்ளயே சேர்த்துட்டுத் தூங்கும். பழைய பாக்டீரியாவுக்குள்ள அது இருந்தா, வதைச்சு எழுப்பிப் பார்க்கலாம். உறுதி சொல்ல முடியாது," என்றாள்.

உறைபெட்டியிலிருந்த பழைய ஊற்றுப் பாக்டீரியாவை எடுத்து வளர்த்து, மருந்து விட்டு வதைத்தார்கள். கலங்கல் எப்போது தெளியும் என்று அக்கா காத்திருந்தது வாழ்க்கையில் அதுவே முதல்முறை. மூன்றாம் நாள் தெளிந்தது. அதில் கிடைத்த வைரஸின் மரபணுவைப் படித்து, கழுவிப்போன வைரஸின் பழைய பதிவோடு ஒப்பிட்டார்கள். நூற்றுக்கு எண்பதுதான் ஒத்துப்போனது.

"அண்ணன் போயாச்சுக்கா. இது தம்பி."

தலைவர் கொடுத்த மெமோவில் அக்கா கையெழுத்துப் போட்டாள். மீதி இரண்டு மாதமும், தெளிந்த பாட்டில் எது வந்தாலும் தூக்கிப் பிடித்து, "இதுல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள். யாராவது பதில் சொல்லும்வரை குழாயைத் திறக்கவில்லை.