மூக்கில் வைத்த ஈயம்

லோர்னா ஒலினிக் முப்பத்தோர் ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். காலை எட்டே முக்காலுக்குப் பிள்ளைகளை எங்கள் பள்ளி வாசலில் இறக்கிவிட்டால், அவர்களை மீண்டும் ஏற்றிக்கொள்ளப் பிற்பகல் மூன்றரை மணி ஆகும். அவருடைய பண்ணை வீடு எங்கள் ஊரான பிரின்ஸ் ஆல்பர்ட் நகருக்கு வடக்கே அறுபது கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. போய்த் திரும்புவதில் பொருளில்லை. இடைப்பட்ட நேரத்தை அவர் பேருந்துக் கொட்டகையின் பின்னறையில் கழித்தார். மற்ற ஓட்டுநர்கள் அங்கே சீட்டாடினார்கள். லோர்னாவுக்குத் தோற்பது பிடிக்காது. வென்றவரை மற்றவர்கள் நாள் முழுவதும் கிண்டல் செய்வதும் பிடிக்காது. ஆகவே ஒரு குளிர்காலத்தில் பிளாஸ்டிக் விமான மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, மூலையிலிருந்த மேசையில் அதன் துண்டுகளைப் பரப்பினார். அன்றிலிருந்து அந்த மேசை அவருடையதாயிற்று.

அவர் செய்து கொடுத்த விமானங்கள் நகரெங்கும் இருந்தன: நூலகத்தில், முடிதிருத்தும் கடையில், உக்ரேனியத் தேவாலயக் கூடத்தில், எங்கள் பள்ளியில். எவரிடமும் அவர் காசு வாங்கியதில்லை. ஏரியில் பிடித்த மீனையோ ஒரு புட்டி பழக்கூழையோ கொண்டுவந்து கொடுத்தால் மறுக்கமாட்டார். நான் அப்பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியராக இருந்தேன். உணவு இடைவேளையில் கொட்டகைப் பக்கம் சென்று அவர் வேலை செய்வதைப் பார்ப்பது எனக்கு வழக்கமாயிற்று.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஜனவரி மாதத்தில், காட்டுத்தீ அணைக்கும் விமானத் தளத்தின் மெக்கானிக் மோரிஸ் லாரிவியர் ஒரு காலணிப் பெட்டியுடன் அங்கே வந்தார்.

"லோர்னா, ஒரு நோயாளியைக் கொண்டு வந்திருக்கேன்."

"உயிர் இருக்கா?"

"இழுத்துக்கிட்டிருக்கு. சக்கரம் ஒண்ணு காணோம். ஒரு பக்க விசிறியும் காணோம்."

பெட்டிக்குள் சாம்பல் நிற விமானம் ஒன்று கிடந்தது. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் டிராக்கர் என்னும் கடற்படை விமானத்தின் மாதிரி அது. அதைச் செய்தவர் விமானி வெண்டல் ஆசென். இளமையில் அவ்வகை விமானத்தைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து ஓட்டியவர். பிறகு எங்கள் ஊருக்கு வந்து, மஞ்சள் வண்ணம் பூசிய அதே வகை விமானத்தில் இருபத்தைந்து கோடைகள் காட்டுத்தீயின் மீது தீ பரவாமல் தடுக்கும் சிவப்பு மருந்துக் குழம்பைக் கொட்டியவர். அவ்வாண்டு அவர் ஓய்வுபெறவிருந்தார். பிரிவு விருந்தன்று அந்தச் சாம்பல் நிறப் பொம்மையை மஞ்சள் விமானமாக மாற்றித் தர வேண்டும் என்பது தளத்தில் இருந்தவர்களின் விருப்பம். வெண்டலின் மனைவி இர்மாவே அதை அலமாரியிலிருந்து திருடிக் கொடுத்திருந்தார்.

"புதுப் பெட்டி ஒண்ணு வாங்கிச் செஞ்சா வேலை பாதியாக் குறையுமே," என்றார் லோர்னா.

"அது கடைச் சாமானா போயிடும். இது கேப்டன் கையால ஒட்டினது. நிஜ விமானமும் இப்படித்தானே? கடற்படை கழிச்சுப் போட்டதைக் கொண்டுவந்துதானே மஞ்சள் பூசினோம்?"

லோர்னா விமானத்தை மேசையில் நிறுத்தினார். அது மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் குந்தியது.

"இது ஏன் நாய் மாதிரி உக்காருது?"

"மூக்குக்குள்ள பாரம் வைக்க மறந்துட்டார். முப்பது வருஷமா வாலுக்குக் கீழே தீப்பெட்டி வச்சுச் சமாளிச்சிருக்கார். பாவம், அவர்கிட்ட கேக்காதே. கோபம் வரும்."

மூக்குச் சக்கரம் உள்ள விமானத்தைச் செய்பவர் எவரும் ஒருமுறையேனும் செய்யும் பிழைதான் அது. உடலின் இரு பாதிகளையும் ஒட்டி முடித்த பிறகுதான் பாரத்தின் நினைவு வரும்.

பழைய ஒட்டைப் பிரிக்கச் சிலர் குளிர்பதனப் பெட்டியைப் பயன்படுத்துவார்கள். லோர்னாவுக்கு அது தேவைப்படவில்லை. வெளியே உறைநிலைக்குக் கீழே முப்பத்தைந்து பாகைக் குளிர். விமானத்தைத் தகரத் தட்டில் வைத்துக் கொட்டகையின் படியில் ஒரு மணி நேரம் விட்டுவைத்தார். விறைத்துப்போன பசை, மெல்ல முறுக்கியதும் 'டக்' என்று விட்டது. பிரிந்த துண்டுகளைப் பனிக்கூழ் வாளி ஒன்றில் பிரேக் ஆயிலில் இரண்டு நாள் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்துச் சாம்பல் வண்ணத்தை நீக்கினார். வாலிலிருந்து நீளும், நீர்மூழ்கிகளைக் கண்டறியும் கோலை அறுத்தெடுத்தார். வயிற்றிலிருந்த ரேடார் துளையை அடைத்தார். குழம்பு கொள்ளும் தொட்டிக்காக, பயணத்தின்போது பல் துலக்கியை வைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறையை நீளவாக்கில் பிளந்து வயிற்றில் பொருத்தி, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்தார். இல்லாத சக்கரத்தையும் விசிறியையும் வேறொரு பெட்டியில் மிஞ்சியவற்றிலிருந்து எடுத்துக்கொண்டார். மஞ்சள் பிடிவாதமான வண்ணம். வெள்ளையை முதலில் பூசி, அதன்மேல் ஐந்து முறை மெல்லிதாகப் பூசினால்தான் அது மஞ்சளாகத் தெரியும்.

உடலை மூடுவதற்கு முன், தூண்டில் கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டுகளை மூக்கினுள் போட்டு, அவை உருளாதபடி வெள்ளைப் பசையை ஊற்றினார். பிள்ளைகள் காகிதம் ஒட்டும் பசை அது. என் வகுப்பிலிருந்து நான் கொடுத்த புட்டி.

விருந்தில் வெண்டல் உறையைப் பிரித்து, விமானத்தை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வழக்கப்படி வாலின் கீழே ஒரு விரலைக் கொடுத்தபடி அதை மேசையில் வைத்தார். விரலை எடுத்தார். விமானம் மூன்று சக்கரங்களில் நின்றது.

"நிக்குதே," என்றார்.

"பாரம் மூக்குல இருக்கணும், கேப்டன், பின்பக்கம் இல்ல," என்றார் மோரிஸ். "இனிமே வீட்டுல உக்காரப் போறீங்க. உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

வெண்டல் சிரித்தார். விருந்து முடியும்வரை அவர் லோர்னாவின் கையை விடவேயில்லை.

பதினாறு ஆண்டுகள் கடந்தன. லோர்னா ஓய்வுபெற்று நகருக்கே குடிவந்தார். வெண்டலின் கண்கள் நடுப்பகுதிப் பார்வையை இழந்தன. முகங்களின் ஓரம் மட்டும் அவருக்குத் தெரிந்தது. மஞ்சள் விமானம் அலமாரியிலிருந்து அவருடைய நாற்காலியின் அருகே இருந்த சிறு மேசைக்கு இடம்பெயர்ந்தது. ஒவ்வொரு காலையும் காப்பிக்குப் பிறகு அதை எடுத்து, மூக்கிலிருந்து வால்வரை கட்டைவிரலால் தடவுவார். புறப்படுமுன் விமானி தன் விமானத்தைச் சுற்றிவந்து ஒவ்வொரு பகுதியையும் சோதிப்பதுண்டல்லவா? அந்தச் சோதனையை அவர் விரலால் செய்துகொண்டிருந்தார்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் இர்மா லோர்னாவின் வீட்டுக்கு வந்தார். ரொட்டி வைக்கும் டப்பாவுக்குள் துணியில் சுற்றிய விமானம் இருந்தது.

"நான்தான் உடைச்சேன், லோர்னா. தூசி தட்டும்போது விளக்குல இடிச்சுட்டேன். அப்ப ஒண்ணும் தெரியல. ஒரு வாரம் கழிச்சு ஒரு ராத்திரி பாத்தா இப்படி விட்டிருக்கு. காலையில அவர் தொடறதுக்குள்ள எடுத்து ஒளிச்சுட்டேன்."

"வெண்டலுக்குத் தெரியுமா?"

"நீ துடைச்சுத் தர வாங்கிட்டுப் போனேன்னு சொல்லி வச்சிருக்கேன். பன்னிரண்டு நாளாச்சு. தினமும் காலையில கை மேசைக்குப் போகுது, திரும்பி வருது. 'லோர்னா என்ன, புதுசா விமானம் கட்டுறாளா?'ன்னு கேக்கறார். பொய் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசக்குது."

லோர்னா துணியை விலக்கினார். மூக்கு, நுனியிலிருந்து முன்கண்ணாடிவரை இணைப்புக் கோட்டிலேயே பிளந்திருந்தது. பிளவின் விளிம்புகள் வெளிப்புறமாக உப்பியிருந்தன. இடிபட்ட பிளாஸ்டிக் உள்ளே அமுங்கும், வெளியே உப்பாது. உள்ளிருந்து வெண்பொடி எட்டிப் பார்த்தது.

அது என்னவென்று லோர்னாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பே சஸ்கட்டூனில் நடந்த மாதிரி விமானக் கண்காட்சியில் ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தார்: வெள்ளைப் பசையிலிருந்து கசியும் அமிலம் ஈயத்தை அரிக்கும், ஈயம் வெண்பொடியாகிப் பருத்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நெட்டி, மூக்கைப் பிளந்துவிடும். அன்று வீடு திரும்பியதும் லோர்னா தம்மிடமிருந்த இரண்டு விமானங்களைப் பார்த்தார். பிளவில்லை. அதோடு அந்தப் பேச்சை மறந்துவிட முடிவுசெய்தார். ஊரில் இருந்தவற்றுள் பதினொன்றின் மூக்கில் அதே ஈயமும் அதே பசையும் இருந்தன.

"வச்சுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்," என்று மட்டும் சொன்னார்.

இர்மா மூன்று முறை நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு நாள்கள் லோர்னா கையுறை அணிந்து, மூக்கினுள் இறுகிக் கிடந்த பொடியைச் சுரண்டி எடுத்தார். புதுப் பாரம் வைத்து மூடி, மஞ்சள் பூசிக் கொடுத்துவிட்டால் எவருக்கும் எதுவும் தெரியாது. இர்மா மட்டும் தம் கையால் கணவரின் விமானம் உடைந்தது என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருப்பார். "இத்தனை வருஷமா இந்த ஊர் என் வேலையை நல்லா இருக்குன்னே சொல்லிட்டிருக்கு. அது போயிடுமேன்னுதான் பயம்," என்று பின்னர் என்னிடம் சொன்னார். ஐந்தாம் நாள் காலை, மூக்கை மூடாமலே விமானத்தை எடுத்துக்கொண்டு ஆசென் வீட்டுக்குப் போனார்.

சமையலறையில் வெண்டல் மேசையருகே அமர்ந்திருந்தார். இர்மா காப்பி போட்டுக்கொண்டிருந்தார். லோர்னா விமானத்தை வெண்டலின் கையில் கொடுத்தார்.

"மூக்குல விரலை வைங்க, கேப்டன்."

கட்டைவிரல் பிளவுக்குள் இறங்கி நின்றது. இர்மாவின் முகம் வெளுத்தது.

"இது இர்மா உடைச்சது இல்ல," என்றார் லோர்னா.

"இர்மா உடைச்சான்னு யார் சொன்னது?"

"நான்தான்," என்றார் இர்மா.

"இதைத்தான் மறைச்சுட்டிருந்தியா? என் பிறந்தநாளுக்கு நீ ஏதோ ரகசியமா பண்றேன்னு நினைச்சுத் தெரியாத மாதிரி நடிச்சிட்டிருந்தேனே."

லோர்னா ஈயத்தையும் பசையையும் பற்றிச் சொன்னார். சஸ்கட்டூனில் கேட்டதையும், கேட்டு ஆறு ஆண்டுகள் ஆயின என்பதையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் இர்மா அடுப்பை அணைத்தார்.

"அன்னிக்கு உன் வீட்டு வாசல்ல நின்னு மூணு தடவை நன்றி சொன்னேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"இந்த நாலு நாளும் எனக்குத் தூக்கமில்ல, லோர்னா. என் கையையே எனக்குப் பிடிக்கல."

"தெரியும். மன்னிச்சுக்கோ."

வெண்டல் பிளவிலிருந்து விரலை எடுக்காமலே பேசினார். "தளத்துல ரெண்டு வகை மெக்கானிக் உண்டு. எல்லாம் சரியா இருக்கு, ஏறுங்கன்னு சொல்றவன் ஒருத்தன். நேத்து நான் ஒரு திருகாணியை முறுக்க மறந்துட்டேன், இறங்குங்கன்னு சொல்றவன் ஒருத்தன். ரெண்டாவது ஆளாலதான் நான் இங்க உக்காந்து காப்பி கேட்டுட்டிருக்கேன். அது சரி, மத்த விமானமெல்லாம்?"

"வீட்டுக்குப் போனதும் ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணணும்."

இர்மா சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியை எடுத்து, சுருள் கம்பி நீளும் தொலைவுக்கு இழுத்து, லோர்னாவின் கையில் திணித்தார்.

"வீட்டுக்குப் போனா மறுபடியும் ஆறு வருஷம் ஆக்கிடுவே. இங்கேயே பண்ணு. நான் எண்ணிட்டு நிக்கறேன்."

லோர்னா பத்துப் பேரிடமும் பேசினார். தேவாலயத்துப் பாதிரியார், ஈஸ்டர் வரைக்கும் தாங்குமா என்று கேட்டார். நூலகர், கண்ணாடிப் பெட்டியின் சாவியைத் தேடவே ஒரு வாரம் ஆகும் என்றார். முடிதிருத்தும் கடைக்காரருக்குக் கவலையே இல்லை.

"அது போன வருஷமே விட்டுப்போச்சு. நானே ஒட்டிட்டேன். கல்லு மாதிரி இருக்கு."

"எந்தப் பசையால ஒட்டினீங்க?"

"பிள்ளைங்க ஒட்டுமே, வெள்ளையா, அதான்."

லோர்னா கண்களை மூடிக்கொண்டார். வெண்டலுக்கு இருமல் வருமளவுக்குச் சிரிப்பு வந்தது. இர்மாவும் அப்போதுதான் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுப்பை மீண்டும் பற்றவைத்தார்.

இம்முறை மூக்கினுள் இரும்புக் குண்டுகள் போயின; இரு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கும் பசை அவற்றைப் பிடித்துக்கொண்டது. பட்டி பூசித் தேய்த்து, வண்ணம் பூசுமுன் லோர்னா அதை வெண்டலிடம் காட்டினார். கட்டைவிரல் நுனியிலிருந்து பின்னோக்கிப் போய், பாதி வழியில் நின்றது.

"இடது பக்கம், கண்ணாடிக்குக் கீழே, ஒரு மேடு இருக்கு."

லோர்னா உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். எதுவும் தென்படவில்லை. அடிப்பூச்சை மெல்லிதாகத் தெளித்துப் பார்த்தார். வெண்டல் சொன்ன இடத்தில், மயிரிழை அளவுக்கு, மேடு இருந்தது.

"முப்பது வருஷத்துல இதை எனக்கு யாருமே சொன்னதில்ல," என்றார்.

"கண்ணு தெரிஞ்சவங்ககிட்ட காட்டியிருப்பே," என்றார் வெண்டல். "மத்த பத்தையும் கொண்டா. எனக்கும் வேற வேலை என்ன இருக்கு?"

அடுத்த செவ்வாயிலிருந்து ஆசென் வீட்டுச் சமையலறை மேசையில் வேலை நடந்தது. பத்தில் நான்கு பிளக்கத் தொடங்கியிருந்தன. லோர்னா மூக்கைத் திறந்தார், சுரண்டினார், மூடினார், தேய்த்தார், வெண்டல் தடவினார், இர்மா எதிரே அமர்ந்து, எது யாருடையது என்று சீட்டு எழுதி ஒட்டினார். வெண்டல் ஒரே முறையில் சரியென்று சொன்ன விமானம் ஒன்றுகூட இல்லை. திருப்பித் தரும் ஒவ்வொரு முறையும் லோர்னா அவருக்கு நன்றி சொன்னார்.

எங்கள் பள்ளியின் விமானத்தைக் கொடுக்க ஜூன் மாதத்தில் நான் போனபோது, அவர்கள் ஏழாவதில் இருந்தார்கள்.

"வலது பக்கம்," என்றார் வெண்டல். "சக்கரத்துக்கு மேலே. ரொம்பக் கொஞ்சம்தான். விட்டுடலாமா?"

"விடக் கூடாது. நல்லவேளை சொன்னீங்க," என்று சொல்லி, லோர்னா உப்புத்தாளை எடுத்துத் தண்ணீரில் நனைத்தார்.