கூரை ஏறிய விதானையார்

நறுவிலிக்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் நான் கிராம சேவகராக இருந்தேன். அரசாங்கம் எந்தப் பெயர் வைத்தாலும் சனத்துக்கு நான் விதானையார்தான். ஒரு பின்னேரம் அங்கே மினி சூறாவளி ஒன்று சுழன்றடித்தது. மினி என்றால் மினியேதான். அடுத்த ஊரில் தோய்த்துக் காயப்போட்ட உடுப்புக்கூட அசையவில்லை. ஆனால் போன வழியில் நாலு வீட்டுத் தகரங்களை உருவிக்கொண்டு போய்விட்டது.

சேதத்தைப் பதிய நான் போனது மூன்றாம் நாள். கந்தோரில் படிவம் முடிந்துபோனதால் சுணக்கம். கடைசி வீட்டில் ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும். புருஷன் விடத்தல்தீவில் கடல் தொழில், கிழமைக்கு ஒருக்கால்தான் வருவார். அந்த வீட்டுக் கூரைதான் முழுதாகப் போனது என்று ஊரே சொன்னது. போய்ப் பார்த்தால் கூரை அதன் இடத்திலேயே இருக்கிறது! முற்றம் கூட்டி, எனக்குக் கதிரை வேறு போட்டிருந்தாள்.

"என்ன தங்கச்சி, சேதம் எங்க?"

"தகரத்தைப் பொறுக்கிவந்து நானே அடிச்சிட்டன், விதானையார். நீங்கள் வாற நேரம் வீடு அலங்கோலமாக் கிடந்தா நல்லாவே இருக்கும்?"

எனக்கு வந்ததே கோபம்! படத்தில் சேதம் தெரியாவிட்டால் அவளுக்குப் புதுத் தகரம் கிடையாது. மற்ற மூன்று வீட்டுக்காரரும் ஒரு துரும்பைக்கூடத் தொடாமல் வைத்திருந்தார்கள்.

"திரும்பக் கழட்டும். படம் எடுத்திட்டுப் போறன்."

"காத்து கழட்டினா சேதம். நான் கழட்டினா களவு. மாட்டன்."

'சரி, மேலே ஏறி ஆணி பிடுங்கிய ஓட்டைகளையாவது படம் எடுப்போம்' என்று ஏணியை வாங்கினேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்ட கதைதான். இரண்டு எட்டு வைத்திருப்பேன், தகரத்தோடு உள்ளே போய்விட்டேன்.

"அந்தோனியாரே!" என்று அவள் கத்த, பிள்ளைகள் மூவரும் கை தட்டினார்கள். மெத்தையில் விழுந்ததால் எலும்பு தப்பியது. மரியாதைதான் முறிந்தது.

மல்லாந்து கிடந்தபடி பார்த்தேன். மேலே தகரத்தைத் தாங்கும் வளைமரம், காற்று முறித்த ஆளுயர வெடிப்போடு அப்படியே தெரிந்தது. முற்றத்தில் நின்று பார்த்தவரை தகரம் அதை மறைத்திருக்கிறது. எழும்பாமலே படம் எடுத்தேன்.

"பாத்தீரே? இது காத்து முறிச்சது. பொய் ஒண்டும் இல்லை. இனிப் புதுத் தகரம் வரும்!"

"எப்ப வரும், விதானையார்?"

"ரெண்டு மூண்டு கிழமை செல்லும்."

அவள் ஓட்டை வழியாக அண்ணாந்து பார்த்தாள். கட்டுக்கரைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்காண்டி எண்டு சொன்னது ஒரு மரியாதைக்கு," என்றாள். "மூண்டு நாளாப் பிள்ளையளை நனைய விடேலாமத்தான் அடிச்சனான்."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அவள் சுத்தியலை என் கையில் வைத்துவிட்டு ஏணியைப் பிடித்தாள்.

"கெதியா ஏறுங்கோ. இந்தமுறை சுவரோட ஒட்டி நில்லுங்கோ."