பாப்பாத்தி சுவரில் போட்ட கோடுகள்

1995-ஆம் வருஷம் மைசூர் விஜயநகரில் வீடுகள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்தன. ஹனூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த அய்யாசாமி அங்கே கொத்தனார். அவர் மனைவி பாப்பாத்தி சித்தாள். கட்டுகிற வீட்டை ஒட்டியே தகரக் கொட்டகை போட்டுக் குடியிருந்தார்கள். ஒரே மகள் உமாதேவி. ஐந்து வயது.

உமாதேவி பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. ஒரே அளவு ஜல்லியாகப் பார்த்துப் பொறுக்கி, நாளெல்லாம் வரிசை கட்டுவாள். யாராவது ஒரு கல்லை நகர்த்திவிட்டால் தகரம் அதிர அலறுவாள். கலவை மெஷின் ஓடினால் தன் தலையில் தானே அறைந்துகொள்வாள். மாதேஸ்வரன் மலைக்கு மூன்று தடவை போய் வந்தார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஒரு டாக்டர் குழந்தையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், காது கேட்கவில்லை என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார்.

பாப்பாத்திக்கு அது சரியாகப் படவில்லை. காது கேட்காத பிள்ளை மெஷினுக்கு ஏன் அலற வேண்டும்? ஒரு நாள் தலையில் கலவைச் சட்டியோடு நின்றபடியே பார்த்தாள். மெஷின் ஓட்டும் ஜடையன், அதைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியைச் சாக்குக்கு அடியிலிருந்து உருவினான். இரும்பில் இரும்பு லேசாக உரசிய சத்தம், அவ்வளவுதான். தூரத்தில் மணல் குவியலுக்கு அந்தப் பக்கம், முதுகு காட்டி உட்கார்ந்திருந்த உமாதேவி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். மெஷின் அதற்கப்புறம்தான் கிளம்பியது.

பாப்பாத்தி சட்டியை இறக்கி வைத்தாள்.

"ஏனுங்க, இவளுக்குக் காது கேக்காம இல்லீங்க. நம்மளைவிட நல்லாக் கேக்குது" என்றாள் கணவனிடம்.

"அப்பறம் ஏம்புள்ள, அப்பான்னு கூப்பிட மாட்டேங்கறா?" என்றார் அய்யாசாமி.

அவர்கள் கட்டிக்கொண்டிருந்த வீடு ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஜகதீசனுடையது. அவர் மனைவி கனகலக்ஷ்மி தினமும் சாயங்காலம் வேலையைப் பார்க்க வருவார். பாப்பாத்தி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"மானசகங்கோத்ரி பக்கம் பேச்சு வராத குழந்தைகளுக்குன்னே ஒரு இடம் இருக்கு, பாப்பாத்தி. இங்கேந்து நடந்தே போயிடலாம். நானும் வரேன், நாளைக்கே போவோம், சரியா?"

மூன்று தடவை போனார்கள். முதல் தடவை கண்ணாடி அறையில் காதைச் சோதித்து, காது கேட்பதில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை கேள்விமேல் கேள்வியாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் தடவை ஓர் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே மனநலப் படிப்பு முடித்து, குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மேகனா இருந்தாள். பாப்பாத்தியைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். கன்னடப் பெண்.

மேகனா குழந்தையைக் கூப்பிடவில்லை, கன்னத்தைக் கிள்ளவில்லை. தரையில் உட்கார்ந்தாள். உமாதேவி மடியிலிருந்த ஜல்லியைக் கொட்டி வரிசை கட்டத் தொடங்கியதும், அவளும் மரக்கட்டைகளை எடுத்து, அதே இடைவெளி விட்டு, பக்கத்தில் இன்னொரு வரிசை கட்டினாள். அரைமணி நேரம் ஒரு பேச்சில்லை. கடைசியில் மேகனாவின் கட்டை ஒன்று கோணலாக இருந்தது. உமாதேவி கையை நீட்டி அதை நேராக்கினாள்.

ஐந்து வருஷத்தில் வேறொருவர் வேலையில் அவள் கை வைத்தது இதுதான் முதல் தடவை.

"இதுக்கு ஆட்டிசம்னு பேரு, அக்கா" என்று மேகனா கன்னடத்தில் சொன்னாள். "யார் சாபமும் இல்ல, நீங்க வளத்ததுல தப்பும் இல்ல. நமக்குச் சின்னதா வர்ற சத்தம் இவளுக்கு இடி மாதிரி வரும்."

"மாத்திரை எதாச்சும் இருக்குதுங்களா?" பாப்பாத்தியும் கன்னடத்திலேயே கேட்டாள்.

"இதைப் போக்குற மாத்திரை இல்ல. பயிற்சி இருக்கு. ஒவ்வொண்ணையும் சின்னச் சின்னத் துண்டா உடைச்சு, திரும்பத் திரும்பக் கத்துக்கொடுக்கணும். சரியாச் செஞ்ச அந்த நிமிஷமே பிடிச்சதைக் கொடுக்கணும். வாரத்துக்கு ஒருநாள்தான் நான் பார்ப்பேன். மிச்ச ஆறு நாளும் நீங்கதான் டீச்சர்."

"நான் பள்ளிக்கூடமே போனதில்லீங்களே."

"அதனால என்ன? இவளுக்கு ரொம்பப் பிடிச்சது எது, சொல்லுங்க."

பிஸ்கட் கொடுத்தால் உமாதேவி துப்பிவிடுவாள். பலூனைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். பாப்பாத்தி யோசித்து, கூச்சத்தோடு சொன்னாள்: "அவங்கப்பன் வெச்சிருக்கற ரசமட்டமுங்க."

சுவர் மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனார் பார்க்கிற கருவி அது. கண்ணாடிக் குழாய்க்குள் திரவமும், நடுவே ஒரு நீர்க்குமிழியும் இருக்கும். அந்தக் குமிழி இங்கும் அங்கும் நழுவுவதை உமாதேவி மணிக்கணக்காகப் பார்ப்பாள். மேகனா சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் அதைக் கொண்டாங்க" என்றாள்.

அடுத்த வாரம் மேகனா ரசமட்டத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டாள். உமாதேவி பிடுங்கப் பார்த்தாள், அலறினாள், தரையில் புரண்டாள். மேகனா அசையவில்லை. அலறல் கொஞ்சம் ஓய்ந்த நொடியில், அந்தச் சின்னக் கையை மெல்லப் பிடித்து, உள்ளங்கை மேலே பார்க்க நீட்ட வைத்து, உடனே கருவியைக் கொடுத்தாள். குமிழி ஓடியது. கொஞ்ச நேரம் விட்டுத் திரும்ப வாங்கினாள். மறுபடி அதே. அன்றைக்கு இருபது தடவையாவது இருக்கும்.

கொட்டகையில் பாப்பாத்தி அதையே செய்தாள். உமாதேவி தானாகக் கை நீட்டினால் நேர்கோடு, பிடித்து நீட்ட வைத்தால் வட்டம் என்று, கொட்டகையை ஒட்டியிருந்த வீட்டின் பூசாத செங்கல் சுவரில் கரித்துண்டால் குறித்தாள். முதல் பத்து நாளும் வட்டங்கள்தான். பதினோராம் நாள் வட்டங்களுக்கு நடுவே ஒரே ஒரு கோடு விழுந்தது. அந்த மாசக் கடைசியில் சுவரில் வட்டங்களைத் தேட வேண்டியிருந்தது.

சுவரைப் பூச வேண்டிய நாள் வந்தது. அய்யாசாமி மேஸ்திரியிடம் போய் நின்றார். "அந்தச் செவுத்தக் கடைசியாப் பூசிக்கலாமுங்க" என்றார். ஏன் என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்தார். விஷயம் தெரிந்த கனகலக்ஷ்மி ஒரு நோட்டோடு வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கோடு வட்டம் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். மேகனா அந்த நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள்.

"படிச்சவங்ககூட இவ்வளவு சுத்தமாக் குறிச்சதில்ல, அக்கா" என்றாள் பிறகு.

அடுத்து, கை நீட்டினால் மட்டும் போதாது, ஏதாவது ஒரு சத்தமும் வர வேண்டும் என்று பயிற்சி மாறியது. இரண்டு மாசம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மத்தியானம் சாரத்தின் மேல் நின்ற அய்யாசாமி, வழக்கம்போல, "மட்டம் கொண்டாங்க!" என்று கீழே குரல் கொடுத்தார். கருவி பாப்பாத்தி கையில் இருந்தது. எதிரே உமாதேவி கை நீட்டி நின்றாள். அவள் உதடு குவிந்தது.

"மட்ட."

சாரத்தின் மேல் கரண்டி நின்றது. அய்யாசாமி இறங்கிய வேகத்தில் முழங்கால் சிராய்த்தது அவருக்குத் தெரியவில்லை. "இன்னொருக்கா சொல்லு கண்ணு" என்று மண்டியிட்டார். உமாதேவி அவரைப் பார்க்கவில்லை, குமிழியைப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள். அப்பா வாயிலிருந்து நாள் முழுக்கக் கேட்ட சொல்லைத்தான், இத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்து, தன் முதல் சொல்லாக எடுத்துக் கொடுத்திருந்தாள். இன்னும் என்னென்ன உள்ளே இருக்கிறதோ என்று நினைத்தபோது பாப்பாத்திக்குக் கோயில் கருவறை முன் நிற்பது போல இருந்தது.

அந்த வருஷமே வீட்டு வேலை முடிந்தது. மேஸ்திரிக்குச் சாமராஜநகரில் பெரிய வேலை கிடைத்தது. கூட வந்தால் இரண்டு வருஷத்துக்குக் கவலையில்லை என்றார். அய்யாசாமி ஓர் இரவு தூங்காமல் புரண்டுவிட்டுக் காலையில் சொன்னார்: "நான் போகலை பாப்பாத்தி. வேலை எங்கயும் கெடைக்கும். அந்த மேடம் வேற ஊர்ல கெடைக்குமா?" அதன்பிறகு கிடைத்த இடத்தில் சில்லறை வேலையாகச் செய்தார். கனகலக்ஷ்மி வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை ஒழித்துக் கொடுத்தார்.

1998-ல் மேகனா இரண்டு அறையில் சொந்தமாகப் பயிற்சி மையம் தொடங்கியபோது முதலில் வேலைக்குக் கூப்பிட்டது பாப்பாத்தியைத்தான். நஞ்சன்கூட்டிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு வந்த தேவம்மா, எங்கெங்கோ அலைந்து கடைசியாக இங்கே வந்ததாகச் சொல்லி அழுதாள். பாப்பாத்தி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அந்த மையத்துக்கு வந்த தாய்மார்கள் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போட மட்டும் அவள் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தாள்.

உமாதேவிக்கு ஒன்பது வயதில் முப்பது சொற்கள் இருந்தன. தானே குளித்தாள், தானே சாப்பிட்டாள். கூட்டம் இன்னும் ஆகாது. பிடிக்காத சத்தம் வந்தால் இப்போதும் தலையில் அறைந்துகொள்வாள். வேண்டியதைக் கேட்பாள், வேண்டாததைத் தள்ளுவாள். அதற்கு மேல் அவள் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

ஒரு மழை ஓய்ந்த சாயங்காலம். பாப்பாத்தி அடுப்படியில் இருந்தாள். உமாதேவி வந்து முந்தானையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். தெருவிளக்கைச் சுற்றி ஈசல் பறந்துகொண்டிருந்தது. மேகனாவோ பாப்பாத்தியோ சொல்லிக்கொடுக்காத ஒன்றை அவள் செய்தாள். ஒரு விரலை உயர்த்தி ஈசலைக் காட்டினாள். பிறகு திரும்பி, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன கண்ணு வேணும்? புடிச்சுத் தரட்டுமா?"

உமாதேவி கை நீட்டவில்லை. மறுபடியும் விளக்கைக் காட்டினாள், மறுபடியும் முகத்தைப் பார்த்தாள். அம்மாவும் பார்க்கிறாளா என்று பார்த்தாள்.

"பார்த்தேன் சாமி. பார்த்துட்டேன்" என்றாள் பாப்பாத்தி. உள்ளே சோறு குழைந்துகொண்டிருந்தது. கடைசி ஈசல் சிறகு உதிர்ந்து விழும்வரை இரண்டு பேரும் வாசலைவிட்டு நகரவில்லை.