கொத்து நீட்டும் மருந்தும் என் சுருட்டை முடியும்

"டக்" என்று ஒரு சத்தம் கேட்டால் சீப்பின் பல் உடைந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த நொடி அம்மாவின் கை என் முதுகில் விழும். என் சிறுவயதுக் காலைகள் பெரும்பாலும் இப்படித்தான் விடிந்தன. எனக்குச் சுருட்டை முடி. மார்க்கையன்கோட்டையில் எங்கள் தெருவில் அதற்குப் பெயர் "பரட்டை". சீப்பு உள்ளே போனால் வெளியே வராது. எண்ணெய் வைத்தால் கொஞ்ச நேரம் அடங்கியிருக்கும். ஆனால் தாளிக்கிற எண்ணெயையே யோசித்து ஊற்றுகிற வீட்டில், என் தலைக்கு எவ்வளவுதான் ஊற்றுவாள் பாவம்.

அம்மா திராட்சைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஓடைப்பட்டிப் பக்கம் பெண்களை ஏற்றிப் போகிற லோடு வண்டி தெருமுக்கில் வந்து ஹாரன் அடித்ததும், என் தலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவள் சீப்பைப் போட்டுவிட்டு ஓடுவாள். சில நாள் ஓடியும் வண்டி கிளம்பியிருக்கும், அன்றைய கூலியும் அதோடு போய்விடும். அப்படித் திரும்பி வந்த ஒருநாள், "ஏத்தா, பொங்கலுக்குள்ள இது வழிக்கு வரலேன்னா ஒட்ட வெட்டிக் கிராப்பு விட்டுருவேன் பாத்துக்க" என்றாள். ஐந்தாம் வகுப்பில் கிராப்புத் தலையோடு போய் உட்காருவதைவிட வீட்டை விட்டு ஓடிப்போவது மேல் என்று நான் நிஜமாகவே நினைத்தேன்.

வெட்ட அவளுக்கும் மனசில்லை. காசு செலவில்லாமல் என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் செய்து பார்த்தாள். யார் வீட்டு வேலியிலோ பறித்த செம்பருத்தி இலை, வாய்க்கால் கரைக் கற்றாழை, ஊறவைத்து அரைத்த வெந்தயம் என்று என் தலை ஒரு மாதமாகக் குழம்புச் சட்டி போல மணத்தது. முடி மட்டும் மசியவில்லை.

விதையில்லாத் திராட்சைக்கு ஒரு மருந்து உண்டு. அதைத் தண்ணீரில் கலக்கிப் பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துக்கொண்டு, பந்தலில் தொங்குகிற பிஞ்சுக் கொத்து ஒவ்வொன்றையும் உள்ளே முக்கி எடுப்பார்கள். நெருக்கிக்கொண்டு கிடந்த கொத்து சில நாளில் நீண்டு தொங்கும். அம்மா செய்தது அந்த வேலைதான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிச்ச மருந்தைத் தூக்குவாளியில் கொண்டுவந்து, என்னைக் குத்தவைத்து, முடியைக் கற்றை கற்றையாகப் பிரித்து, கொத்தை முக்குகிற அதே பதத்தில் முக்கி எடுத்தாள். "கொத்து நீளுதுல்ல, முடி நீளாதா? காசா பணமா" என்றாள். எனக்கும் அது ரொம்ப நியாயமாகத்தான் பட்டது.

காலையில் முடி தேங்காய் நார் போல விறைத்துக் கிடந்தது, மண்டை எரிந்தது. அன்று பள்ளிக்கூடம் இல்லாததால் அம்மா என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். பந்தலுக்குள் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்துவிட்டு, "என்ன, புள்ள தலையில?" என்று தோட்டத்துக்காரர் கேட்டார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அந்த மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. "உனக்கென்ன கிறுக்கா? உறை மாட்டாமக் கையாலகூடத் தொடக்கூடாதுன்னு பாட்டில்லயே போட்டிருக்கு. முதல்ல புள்ளயக் கொண்டுபோயி மோட்டார்த் தண்ணியில கழுவு" என்று கத்தினார்.

பந்தலுக்கடியில் வரிசையாக நின்ற அத்தனை பெண்களின் கையும் அப்போது மருந்துக்குள் இருந்தது. ஒருத்தி கையிலும் உறை இல்லை. அப்படி ஒன்று உண்டென்றே அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. அம்மா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப எங்க கை, முதலாளி?" என்று பின்னாலிருந்து ஒரு அக்கா கேட்டாள். "அது கைதான, கழுவினாப் போயிரும். வெயில் ஏறுது, முக்குங்க முக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். என் தலைக்காகப் பதறிய அதே வாய்தான் இதையும் சொன்னது. பெண்கள் மறுபடி முக்க ஆரம்பித்தார்கள்.

மோட்டார்த் தொட்டியில் அம்மா என் தலையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "இனி இதை ஒண்ணும் பண்ண மாட்டேன்த்தா. அதுபாட்டுக்குச் சுருண்டு கெடக்கட்டும்" என்றாள். கழுவி முடித்து என்னை வெயிலில் உட்காரவைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் அவளும் போய் டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆறிய வடிகஞ்சியை என் தலையில் ஊற்றி, ஈரம் காய்வதற்குள் சீப்பே இல்லாமல் விரலாலேயே சிக்கெடுத்து, அலசித் தளரப் பின்னிவிடுவாள். பின்னல் வாரம் முழுக்கத் தாங்கும், வண்டியும் தப்பாது. கிராப்புப் பேச்சு அதோடு நின்றது. காசில்லாமல் சுருட்டை முடியைக் காப்பாற்றுவது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு இன்றைக்கும் நான் சொல்வது கஞ்சியும் விரலும்தான்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. கல் நட்டுப் பிளாட் போட்டுவிட்டார்கள். அது போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போன மாதம் ஊருக்குப் போனபோது அம்மாவை ரேஷன் கடைக்குக் கூட்டிப் போனேன். மிஷினில் அம்மாவின் கைரேகை விழவில்லை. விரல் மாற்றி விரல் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் விழவில்லை. அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வழவழவென்று, பேருக்குக்கூட ஒரு கோடு இல்லை. திராட்சை மருந்தா, தேய்த்த பாத்திரங்களா, வயசா, எனக்குத் தெரியாது.

"தலையில தேய்ச்சு எண்ணெயத் தொட்டுட்டு வைங்கம்மா, சில பேருக்கு விழும்" என்றான் கடைக்காரத் தம்பி. அம்மா தலையில் இப்போது நாலு முடிதான் மிச்சம். அவள் என் பக்கம் திரும்பி, என் சுருட்டைக்குள் கட்டைவிரலை விட்டு நன்றாகத் தேய்த்துக்கொண்டு மறுபடி வைத்தாள். அப்போதும் விழவில்லை.

"ரேகை எங்கனயும் போகலை தம்பி, எம் மக சிக்குக்குள்ளதான் கெடக்கும்" என்று சொல்லி அம்மா சிரித்தாள். கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.