சிவப்புக்கு அடியில் நீலம்

அந்தக் குடும்பத்தில் எது உடைந்தாலும் விசாரணை ஒன்றே ஒன்றுதான். டம்ளர் உடையட்டும், நாற்காலிக் கால் கழலட்டும், குழாயின் திருகு கையோடு வரட்டும், அண்ணன் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் சொல்வார்: "அவளைக் கேளு." உடனே வீடே சிரிக்கும். அவள் அப்போது வேறு ஊரில் இருந்திருந்தாலும் சரி, அப்பீலே கிடையாது.

அந்த 'அவள்' யார் தெரியுமா? சொந்த வீட்டு முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாளே, தெருவே 'பார்லர்க்கா' என்று கூப்பிடுகிறதே, அவள்தான். நாற்பதைத் தாண்டியவள். பருவோ, கருவளையமோ, முந்தின நாள் சண்டையில் அழுத வீக்கமோ, எதைக் கொண்டுவந்தாலும் பூசி மெழுகி ஆளைச் சிரிக்க வைத்து அனுப்புவாள். இப்படிப்பட்ட கைக்காரி, பிறந்த வீட்டுக்குப் போனால் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தண்ணீர் குடிப்பாள். கொடுமையைப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் ஒரு மோட்டார் சைக்கிள். மண் மேட்டிலும் பள்ளத்திலும் எகிறி ஓட்டுகிற ஜாதி வண்டி. உயரமான சீட்டு, பல்லுப் பல்லாக டயர், காதைக் கிழிக்கும் சத்தம். அண்ணனுக்கு அது உயிர். துடைக்கக்கூட யாரையும் விடமாட்டார். அவளுக்குப் பதினேழு வயதிருக்கும்போது ஒருநாள் மத்தியானம், அண்ணன் குறட்டை விட்டுத் தூங்கிய நேரத்தில், வண்டியைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டாள். மைதானத்தை முழுசாக ஒரு சுற்று சுற்றினாள். அந்த ஒரு சுற்றில் அவள் பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்லச் சொன்னால் இன்றைக்கும் அவளுக்கு மூச்சு வாங்கும். இரண்டாவது சுற்றில், யாரோ வெட்டி வைத்திருந்த குழிக்குள் வண்டியும் அவளும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

வண்டியை எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுப் பூனை மாதிரி உள்ளே வந்துவிட்டாள். ஆனால் கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். அண்ணன் அதற்கு முந்தின நாள்தான் வண்டிக்கு நீல பெயின்ட் அடித்திருந்தார். சரியாகக் காயவில்லை. அவளுடைய வெள்ளைப் பேன்ட் முழுக்க நீலம். அண்ணன் குனிந்து வண்டியின் அடியில் பார்த்தார். "ஃப்ரேமை உடைச்சுட்டா" என்றார். வண்டி வெல்டிங் பட்டறைக்குப் போய், சிவப்பாகத் திரும்பி வந்தது. இனிமேல் இவள் எந்த வண்டியையும் தொடக்கூடாது என்று அப்பா சட்டம் போட்டார். முழங்கை தோல் உரிந்து ரத்தம் வந்ததே, அடிபட்டுதா என்று ஒரு ஆள் கேட்கவில்லை. அவளே துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டாள். அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷமாகியும் சட்டம் மட்டும் போகவில்லை. இன்றுவரை கணவரின் ஸ்கூட்டரில் பின்னால்தான் உட்காருவாள், அதுவும் "மெதுவா போங்க" என்றபடி.

இந்த வருஷம் அண்ணனுக்குத் திடீரென்று பழைய வண்டிமேல் பாசம் பொங்கிவிட்டது. அவரைப் போலவே பழைய வண்டி வைத்திருக்கிற கிறுக்குகள் எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண் மைதானத்தில் கூடி ஓட்டப்போகிறார்களாம். வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, எஞ்சினையும் சக்கரத்தையும் தானே பார்த்துக்கொண்டார். ஃப்ரேமைச் சுரண்டி பெயின்ட் அடிக்கத்தான் ஆள் தேடினார்.

"நான் பண்ணித் தர்றேன்ணே" என்றாள் பார்லர்க்கா.

"நீயா? இது கல்யாணப் பொண்ணு இல்லம்மா, இரும்பு."

"உடைச்சது நான்தானே. அழகாக்கித் தர்றதும் நானா இருக்கட்டும். அதோட அந்தப் பேச்சை விட்டுடணும். சரியா?"

அண்ணன் ஒரு கணம் திருதிருவென்று முழித்தார். அதை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரி, மறுபடி உடைச்சுடாதே" என்று சிரித்து, ஃப்ரேமை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். இதை ஒழுங்காகச் செய்து கொடுத்துவிட்டால் அந்தப் பெயர் தொலையும்.

கார் இல்லாத கார் ஷெட்டில், துணி காயப்போடும் குழாயில் ஃப்ரேமைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். அவள் கணவர் கணக்கு வாத்தியார். பெயின்ட் ரிமூவர் டப்பாவின் பின்னால் இருந்த எச்சரிக்கையை ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தார். "தோலில் படக்கூடாது, கண்ணில் படக்கூடாது, மூடிய அறையில்..."

"என்னங்க, நான் இதைவிட மோசமானதை எல்லாம் மனுஷங்க தலையிலேயே தடவுறேன்" என்று அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

கூழ் மாதிரி இருந்த ரிமூவரைப் பிரஷ்ஷால் தடவிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போதும், பெயின்ட் சுருங்கும், குமிழ் விடும், தோலாக எழும்பி வரும். அதைச் சுரண்டியால் தள்ளினால் நீளநீளமாக உரிந்து விழும். அடேயப்பா, அதில் என்ன ஒரு ஆனந்தம். அவள் அப்படியே சொக்கிப்போனாள். உள்ளே தலைக்கு டை அடித்துத் தொப்பி மாட்டி உட்காரவைத்திருந்த வாடிக்கையாளரைச் சுத்தமாக மறந்துவிட்டாள்.

"அக்கா, என் தலை?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"இதோ வந்துட்டேன். இங்க நீலம் வருது."

"என் தலையிலயா?" என்று அந்த அம்மா அலறியடித்துக்கொண்டு ஷெட்டுக்கே ஓடிவந்துவிட்டார்.

சிவப்புக்கு அடியில் நீலம் வந்ததும் அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். அதே நீலம். பேன்ட்டில் ஒட்டிய நீலம். அதையும் உரித்தால் அடியில் மஞ்சள், கம்பெனியில் அடித்து அனுப்பிய ஆதிகாலத்து மஞ்சள். மஞ்சளையும் உரித்தால் வெறும் இரும்பு. இப்படியே மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டு வந்தவள், இடது கால் வைக்கிற கம்பிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். அங்கே சிவப்பு போனது, நீலம் போனது, மஞ்சளைக் காணோம். கரடுமுரடாக ஒரு புடைப்பு இருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். தங்கம் மாதிரி பளபளத்தது. ஃப்ரேமின் குழாயைச் சுற்றிப் பித்தளை வைத்து யாரோ அவசரமாக ஒட்டிய ஒட்டு.

"இதுதான் நான் உடைச்ச இடம்" என்று சொல்லிக்கொண்டே அதைத் தடவியவளுக்குக் கை அப்படியே நின்றது. "என்னங்க, இங்க வாங்க. நான் ஓட்டினப்ப வண்டி நீலம்."

"ஆமா."

"நான் உடைச்ச பிறகுதானே ஒட்டியிருக்கணும்? அப்ப இந்த ஒட்டு நீலத்துக்கு மேலதானே இருக்கணும்?"

வாத்தியார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். ஒட்டின் ஓரத்தில் மிச்சமிருந்த பெயின்ட்டைச் சுரண்டியால் மெல்ல நெம்பினார். நீலம் அந்தப் புடைப்பின் மேலே ஏறி, வழவழவென்று மூடியிருந்தது. அதற்கு மேலே சிவப்பு. "ஒட்டு முதல்ல. நீலம் அப்புறம்" என்றார். "நீ ஏறி உட்காரும்போதே இது உடைஞ்சு ஒட்டின வண்டி."

அவள் நம்பவில்லை. நல்ல செய்தியை நம்பிப் பழக்கமில்லாதவள். வேறு எங்கேயாவது இன்னொரு ஒட்டு இருக்கும், அதுதான் தன்னுடையது என்று தேடினாள். பார்லரில் முகத்துத் துவாரங்களைப் பெரிதாக்கிப் பார்க்கிற விளக்கு ஒன்று உண்டு. அதை ஷெட்டுக்கு இழுத்துவந்து, ஃப்ரேம் முழுக்க அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். எங்கேயும் ஒட்டு இல்லை, விரிசல் இல்லை, ஒரு நெளிசல்கூட இல்லை. அவள் விழுந்ததில் அந்த வண்டிக்கு ஒன்றுமே ஆகவில்லை. பட்டறைக்குப் போன வண்டி சிவப்பு பெயின்ட் அடித்துக்கொண்டு வந்ததோடு சரி.

பார்லர்க்கா கையுறையைக் கழற்றி வீசினாள். ஷெட்டுக்குள்ளேயே குதிகுதியென்று குதித்தாள். தொப்பித் தலையோடு நின்ற வாடிக்கையாளரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சுற்றினாள். அந்த அம்மாவும் ஏன் எதற்கு என்று கேட்காமல் சேர்ந்து சுற்றினார். சுற்றி முடித்த பிறகுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. "இத்தனை வருஷமா டம்ளரை ரெண்டு கையால பிடிச்சிருக்கேங்க" என்றாள் கணவரிடம். சொன்னதும் அழுதாள், அழுகை முடிவதற்குள் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

மறைப்பது அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. கொஞ்சம் பட்டி தடவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்தால் அந்த ஒட்டு இருந்த சுவடே தெரியாது. அவள் தொழிலே அதுதானே. ஆனால் இதை மட்டும் மறைக்கக்கூடாது என்று முடிவு செய்துவிட்டாள். மற்ற இடங்களை எல்லாம் தின்னரால் துடைத்து, பிரைமர் அடித்து, தேய்த்து, மறுபடி பழைய மஞ்சளையே அடித்தாள். அவசரப்பட்டால் பெயின்ட் ஒழுகும் என்று அவளுக்குத் தெரியும், அதனால் மெல்லிசாக ஒரு கை, காயவிட்டு இன்னொரு கை. அந்த ஒட்டு இருந்த உள்ளங்கை அகல இடத்துக்கு மட்டும் டேப் ஒட்டி வைத்திருந்தாள். கடைசியில் டேப்பை உரித்து, நடுவில் பித்தளை, அதைச் சுற்றி நீலம், அதைச் சுற்றிச் சிவப்பு என்று வரிசை தெரியும்படி தேய்த்து, மேலே நிறமில்லாத லேக்கர் அடித்துவிட்டாள். ஜன்னல் வைத்த மாதிரி இருந்தது.

ஃப்ரேமை எடுத்துப்போக அண்ணன் வந்தார், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. ஷெட்டுக்குள் நுழைந்ததும் அவர் வாயெல்லாம் பல். "பிரமாதம் பண்ணிட்டியே. கம்பெனிக்காரன் தோத்தான்" என்று தடவித் தடவிப் பார்த்தார். சுற்றிவந்து இடது பக்கம் குனிந்தார். "இந்த இடத்தை விட்டுட்டியேம்மா."

"விடலண்ணே. நல்லாப் பாரு. எது மேல எது இருக்குன்னு பாரு."

அண்ணன் குந்தி உட்கார்ந்தார். விரலால் பித்தளையைத் தொட்டார், நீலத்தைத் தொட்டார், சிவப்பைத் தொட்டார். குந்தியவர் எழுந்திருக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து வாத்தியார் தட்டில் டீ எடுத்துக்கொண்டு வந்தார். கயிறு காலில் தடுக்கி, ஒரு டம்ளர் சிமென்ட் தரையில் விழுந்து சில்லுசில்லாகச் சிதறியது.

எல்லோரும் பழக்கதோஷத்தில் அண்ணனைப் பார்த்தார்கள். அம்மா சிரிக்கத் தயாராகவே இருந்தார்.

"என்னைக் கேளுங்க" என்றார் அண்ணன்.

"மாப்பிள்ளை கையில இருந்துதானேடா விழுந்துச்சு?" என்றார் அம்மா.

"டம்ளரைச் சொல்லலம்மா. இதைச் சொல்றேன்." அவர் ஒட்டின் மேல் விரலை வைத்தார். "தண்ணித் தொட்டி மேட்டுல இருந்து வண்டியோட குதிச்சேன். உடைஞ்சுபோச்சு. அப்பாவுக்குத் தெரிஞ்சா வண்டியையே வித்துடுவாருன்னு ரகசியமா ஒட்டி, நீலத்தை அடிச்சேன். அப்படியும் மறுநாள் காலையிலேயே, வண்டி ஆடுதேன்னு அப்பா கேட்டுட்டாரு. என்ன சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். இவ பேன்ட் எல்லாம் பெயின்ட்டோட வந்து நின்னா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் தங்கையை நிமிர்ந்து பார்க்காமலே, "ஒரு தடவை சொன்னேன். அப்புறம் அது தமாஷாயிடுச்சு. நிறுத்தத் தெரியல" என்றார்.

எத்தனையோ திட்டு யோசித்து வைத்திருந்தாள் பார்லர்க்கா. கண்ணாடி முன் நின்று ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள். அந்தப் பெரிய உடம்பு குந்தி உட்கார்ந்து மென்று விழுங்குவதைப் பார்த்ததும் அத்தனையையும் விட்டுவிட்டாள். "அந்த இடத்துல பெயின்ட் அடிக்கவே கூடாது" என்றாள்.

"அடிக்கமாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை முதல் ஆளா நான்தான் ஓட்டுவேன்."

"உனக்கு ஓட்டத் தெரியாதே?"

"ஒரு சுற்று தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் அண்ணன் வண்டியைப் பூட்டி முடித்து, சாயங்காலம் தவறாமல் அவளை அதில் உட்காரவைத்து, பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிக் கற்றுக்கொடுத்தார். அன்றைக்கு மைதானத்தில் மஞ்சள் வண்டியில் பார்லர்க்கா ஏறி உட்கார்ந்ததைப் பார்த்துத் தெருவிலிருந்து வந்திருந்த வாடிக்கையாளர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கிளம்பினாள். ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே முதல் சுற்றை முடித்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எங்கே நிறுத்தினாள்? இரண்டாவது சுற்றில், திருப்பத்தில், ஈரச் சேற்றில் சக்கரம் வழுக்க, வண்டி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் போய் விழுந்தார்கள்.

சேற்றில் மல்லாந்து கிடந்தபடி ஹெல்மெட்டைக் கழற்றினாள். அண்ணன் விழுந்தடித்து ஓடிவருவது தெரிந்தது. வண்டி வழியில் கிடந்தது. பதினேழு வயதுப் பயம் அப்படியே திரும்பி வந்தது. "ஃப்ரேமைப் பாருண்ணே" என்று கத்தினாள்.

அண்ணன் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைத் தாண்டிக் குதித்து வந்து சேற்றில் மண்டியிட்டார். "அது கிடக்கட்டும். உனக்கு அடிபட்டுதா?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கிழிந்த சட்டைக் கையை மேலே சுருட்டி முழங்கையைக் காட்டினாள்.

"இது இப்பப் பட்டது" என்றாள், ரத்தம் வந்த இடத்தைத் தொட்டு. அதற்குப் பக்கத்தில் இருந்த பழைய தழும்பில் விரலை வைத்தாள். "இது அன்னைக்குப் பட்டது."